கல்லாப் பணத்துக்கு எது காவல்? வங்கிக் கணக்கும் லிக்விட் பண்டும்



நடப்புக் கணக்கில் கிடக்கும் பணத்துக்கு வங்கி வட்டி தருவதில்லை. இது நமக்குத் தெரியாத சங்கதி அல்ல. தீபாவளி, பொங்கல் வியாபாரம் முடிந்து பாக்கிகள் வசூலாகி வரும் நாட்களில் ஒரு நடுத்தர மளிகைக் கடைக்காரரிடமே எட்டு லட்சம், பத்து லட்சம் என்று இருபது முப்பது நாள் சும்மா நிற்கும். மொத்தக் கடை என்றால் இன்னும் கூடுதல். அந்தச் சமயம் பார்த்து ஒரு தம்பி கையில் போனுடன் கடை வாசலுக்கு வருகிறார். "அண்ணாச்சி, இந்தப் பணத்தை லிக்விட் பண்டுல போடுங்க. வேணும்னா மறுநாளே எடுத்துக்கலாம். பேங்க் மாதிரிதான், ஆனா வருமானம் கூட" என்கிறார்.

அவர் சொல்வதில் முக்கால்வாசி உண்மைதான். "பேங்க் மாதிரிதான்" என்ற வார்த்தைதான் சரியில்லை. அந்த ஒரு வார்த்தையை மட்டும் இங்கே பிரித்துப் பார்க்கிறோம்.

முதலில் வங்கி. வங்கியில் பணம் "போட்டு வைக்கிறோம்" என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். கணக்குப்படி பார்த்தால் வங்கிக்குக் கடன் கொடுக்கிறோம். நம் பேரேட்டில் வங்கி ஒரு கடன்காரர். நம்மிடம் சரக்கு எடுத்தவர் நொடித்துப் போனால் பாக்கி என்ன கதியாகுமோ, அதே கதிதான் ஒரு காலத்தில் வங்கிப் பணத்துக்கும் இருந்தது. 1906ஆம் ஆண்டு சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானபோது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு அதோடு போயிற்று. அந்த அடியில்தான் நம்மவர்கள் கூடி 1907இல் இந்தியன் வங்கியை ஆரம்பித்தார்கள்.

பிறகு 1960ஆம் ஆண்டு கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. அதே ஆண்டில் லட்சுமி வங்கி என்ற இன்னொரு வங்கியும் விழுந்தது. (இது மகாராஷ்டிரத்து வங்கி, கரூர் வங்கி வேறு, அதற்குப் பின்னால் வருகிறோம்.) இந்த இரண்டு விழுந்த பிறகுதான் பார்லிமெண்டில் சட்டம் வந்து, 1962 ஜனவரி 1 முதல் வைப்புத்தொகைக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கு ஒரு ஆளுக்குக் காப்புறுதி ரூ. 1,500. அது படிப்படியாக ஏறி 1980இல் ரூ. 30,000, 1993இல் ரூ. 1 லட்சம் ஆயிற்று. அதற்குப் பிறகு 27 ஆண்டு அசையவே இல்லை. அரிசி விலை எத்தனை மடங்கு ஏறியது என்று நமக்குத் தெரியும். காப்புறுதி மட்டும் ஒரு லட்சத்திலேயே நின்றது. 2020 பிப்ரவரி 4 முதல்தான் ரூ. 5 லட்சம்.

இதற்கான பிரீமியத்தை வங்கி கட்டுகிறது. நம்மிடம் வசூலிப்பதில்லை. காப்புறுதி கொடுப்பது ரிசர்வ் வங்கிக்குச் சொந்தமான டி.ஐ.சி.ஜி.சி. என்ற கார்ப்பரேஷன். அரசு வங்கி, தனியார் வங்கி, நகரக் கூட்டுறவு வங்கி, மத்தியக் கூட்டுறவு வங்கி எல்லாவற்றுக்கும் ஒரே அளவுதான். ஆனால் நம் கிராமங்களில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு இது கிடையாது. பலகையில் "கூட்டுறவு" என்று இருப்பதைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் வேடசந்தூர், நிலக்கோட்டைப் பக்கம் இன்னும் நிறைய இருக்கிறார்கள். ஏலச்சீட்டுக்கும், நிதி நிறுவன டெபாசிட்டுக்கும் இந்தக் காப்புறுதி இல்லை. 1990களில் 24 சதவீதம், 36 சதவீதம் என்று ஆசை காட்டிய பைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாக விழுந்துதான் தமிழ்நாட்டில் 1997இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே வந்தது. அந்தக் கதையை இங்கே மறுபடி எழுத வேண்டியதில்லை. நம் தெருவில் அதை அனுபவித்தவர்கள் இருக்கிறார்கள்.

ஐந்து லட்சம் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதில் வியாபாரிகள் கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

ஒரு வங்கியில் ஒரு ஆளுக்கு ஐந்து லட்சம். மெயின் ரோடு கிளையில் நான்கு லட்சமும், அதே வங்கியின் ஒட்டன்சத்திரம் கிளையில் நான்கு லட்சமும் இருந்தால், எட்டும் ஒரே கணக்காகச் சேர்த்து ஐந்துக்குத்தான் காப்பு. சேமிப்பு, நடப்பு, பிக்சட் டெபாசிட் எல்லாம் ஒன்றாகக் கூட்டப்படும். அசலும் வட்டியும் சேர்த்துத்தான் ஐந்து லட்சம்.

கடைக்காரர்கள் பெரும்பாலும் தவற விடுவது அடுத்த விதி. தனி உரிமையாளராகக் கடை நடத்துபவர் கடைப் பெயரில் ஒரு நடப்புக் கணக்கும், தன் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கும் ஒரே வங்கியில் வைத்திருப்பார். பெயர் இரண்டு, ஆள் ஒன்று. சட்டத்தின் கண்ணில் கடை என்று தனி ஆள் இல்லை. இரண்டையும் கூட்டித்தான் ஐந்து லட்சம். பங்குதாரர்கள் சேர்ந்து நடத்தும் நிறுவனம் என்றால் அது வேறு ஆளாகக் கணக்கிடப்படும். அதற்குத் தனியாக ஐந்து, பங்குதாரரின் சொந்தக் கணக்குக்குத் தனியாக ஐந்து. வேறு வங்கிக்குப் போனால் அங்கே புதிதாக ஐந்து.

அந்த வங்கியிலேயே நமக்குக் கடன் பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்குத்தான் கணக்குப் பார்ப்பார்கள். ஒரு வகையில் இது நல்லதும்கூட. பத்து லட்சம் டெபாசிட்டும் ஏழு லட்சம் கடனும் ஒரே வங்கியில் இருப்பவருக்கு, வங்கி விழுந்தால் நின்று போகக்கூடியது மூன்று லட்சம்தான். அது முழுக்கக் காப்புறுதிக்குள் அடங்கிவிடும்.

இப்போது கரூர். நம் ஊரிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். 1926இல் கரூர் வியாபாரிகள் சிலர் கூடி, சுற்று வட்டாரத்து வியாபாரத்துக்கும் விவசாயத்துக்கும் உதவ வேண்டும் என்று தொடங்கியது லட்சுமி விலாஸ் வங்கி. தமிழ்நாடு முழுவதும் கிளைகள். வியாபாரிகளின் வங்கி என்றே பெயர். நாளடைவில் பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்த கடன்கள் வராக் கடன்களாகி வங்கி தள்ளாடியது. 2020ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 14. மூன்றாம் நாள், நவம்பர் 17 மாலை, மத்திய அரசு அந்த வங்கிக்குத் தடை போட்டது. ஒரு ஆளுக்கு ரூ. 25,000க்கு மேல் எடுக்க முடியாது. மருத்துவம், கல்யாணம், படிப்பு போன்றவற்றுக்கு அனுமதி பெற்றுக் கூடுதலாக எடுக்கலாம். சரக்குக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

தீபாவளி வசூல் முழுவதையும் வங்கியில் கட்டியிருக்கும் நேரம் அது. விருதுநகருக்குப் பருப்பு, மிளகாய் வற்றலுக்குக் கொடுத்த செக்குகள் ஒருபக்கம், 20ஆம் தேதி கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி. மறுபக்கம். இப்படிப்பட்ட நிலையில் ரூ. 25,000ஐ வைத்துக்கொண்டு ஒரு மொத்த வியாபாரி என்ன செய்வார்?

நல்லவேளையாக அது நீடிக்கவில்லை. நவம்பர் 27ஆம் தேதி அந்த வங்கி டி.பி.எஸ். வங்கியுடன் இணைக்கப்பட்டு, தடை நீங்கியது. டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு ரூபாய் குறையவில்லை. ஐந்து லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கும் முழுப் பணமும் கிடைத்தது. பங்கு வாங்கி வைத்திருந்தவர்களுக்குத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை. "நம்ம வங்கி" என்ற பாசத்தில் தலைமுறை தலைமுறையாகப் பங்கை விற்காமல் வைத்திருந்த குடும்பங்கள் கரூர் வட்டாரத்தில் உண்டு.

எல்லா வங்கிக்கும் இப்படிப் பத்து நாளில் விடியும் என்று சொல்ல முடியாது. பம்பாயில் பி.எம்.சி. என்ற கூட்டுறவு வங்கி 2019 செப்டம்பரில் முடங்கியபோது முதலில் ஒரு ஆளுக்கு ரூ. 1,000 மட்டும்தான் எடுக்கலாம் என்றார்கள். 2022 ஜனவரியில்தான் வேறு வங்கியோடு இணைந்தது. ஐந்து லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு மிச்சப் பணம் பத்து ஆண்டு வரை நீளும் தவணைகளில். அந்த அனுபவத்தால் 2021இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது ரிசர்வ் வங்கி ஒரு வங்கியின் பணப் பட்டுவாடாவை நிறுத்தினால், 90 நாட்களுக்குள் காப்புறுதித் தொகையைக் கொடுத்தாக வேண்டும். இணைப்புப் பேச்சு நடந்தால் இன்னொரு 90 நாள் நீட்டிக்கலாம். அதற்கு முன்பெல்லாம் வங்கியை அடியோடு மூடும் வரை காத்திருக்க வேண்டும்.

ஆகவே, காப்புறுதி உள்ள கணக்கு என்றால் நமக்குக் கிடைப்பது இரண்டு உறுதிகள். தொகை இவ்வளவு, நாள் இத்தனைக்குள். இரண்டும் சட்டத்தில் எழுதப்பட்டவை.

இனி லிக்விட் பண்டு. இங்கே நாம் யாருக்கும் கடன் கொடுக்கவில்லை. பத்துப் பேர் பணம் போட்டு ஒரு லோடு சரக்கு வாங்கி, மூட்டைக்கு ஏற்பப் பங்கு பிரித்துக்கொள்வது போன்றது இது. அந்த லோடில் இருக்கும் சரக்கு என்ன? மத்திய அரசு மூன்று மாதக் கெடுவில் வாங்கும் கடன், அதாவது டிரஷரி பில். வங்கிகள் வெளியிடும் டெபாசிட் சர்டிபிகேட். பெரிய கம்பெனிகள் வெளியிடும் கமர்ஷியல் பேப்பர். கமர்ஷியல் பேப்பர் என்பது நாம் அன்றாடம் பார்க்கும் ஹுண்டிக்கு அண்ணன் மாதிரி. கம்பெனி பெரியது, தொகை பெரியது, ஆனால் ஈடு எதுவும் இல்லாமல் "இன்ன தேதியில் தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்த தாள்தான் அதுவும். சரக்கு நல்லதாக இருந்தால் பங்கும் நல்லது. ஒரு மூட்டை புழுத்தால் அந்த நஷ்டம் பத்துப் பேருக்கும். கம்பெனி நடத்துபவர் கொடுக்க மாட்டார். கொடுக்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. செபி அமைப்பு மேற்பார்வை பார்க்கிறதே தவிர உத்தரவாதம் கொடுக்கவில்லை.

பண்டுகளின் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்ல வேண்டும். பண்டு நடத்தும் கம்பெனியே மூடிப் போனாலும் லோடில் உள்ள தாள்கள் அதன் சொத்து அல்ல. தனிக் காப்பாளரிடம் இருக்கும். பத்து நூறு தாள்களில் பணம் பரவியிருப்பதால் முழுப் பணமும் போவது நடக்காத காரியம் என்றே சொல்லலாம். லிக்விட் பண்டு 91 நாளுக்கு மேற்பட்ட கெடுவுள்ள தாள் எதையும் வாங்கக்கூடாது. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு ரொக்கமாகவோ அரசுத் தாளாகவோ இருக்க வேண்டும். "ஓவர்நைட் பண்டு" என்ற வகையில் ஒரு இரவுக் கடன் மட்டும்தான். அதுவும் பெரும்பாலும் அரசுப் பத்திர ஈட்டின் மேல். "மணி மார்க்கெட் பண்டு" என்ற பெயரில் இருப்பது ஒரு வருடம் வரை கெடுவுள்ள தாள்களை வாங்கலாம். பெயரில் மூன்றும் உறவுக்காரர்கள்போல் இருந்தாலும் கெடுவில் ஒரு நாள், மூன்று மாதம், ஒரு வருடம் என்று தூரம் அதிகம். விற்க வருபவரிடம் எது என்று கேட்டு வாங்க வேண்டும்.

இவை விழுந்ததே இல்லையா? விழுந்திருக்கின்றன. இந்த வகைப் பண்டுக்கு ஆதி ஊர் அமெரிக்கா. 1970களின் தொடக்கத்தில் அங்கே முதலில் வந்தது ரிசர்வ் பண்டு. ஒரு டாலர் போட்டால் ஒரு டாலர் குறையாது என்று வியாபாரிகள் நம்பினார்கள். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலானது. ரிசர்வ் பண்டிடம் இருந்த லேமன் தாள் மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு அளவுதான். ஆனால் செய்தி பரவியதும் எல்லோரும் ஒரே நாளில் பணம் கேட்டார்கள். நல்ல தாள்களையும் அவசரத்துக்கு விற்க முடியவில்லை. செப்டம்பர் 16ஆம் தேதி ஒரு டாலர் 97 சென்ட் ஆயிற்று, பட்டுவாடா நின்றது. மூன்றே நாளில் அமெரிக்க அரசு மற்ற பண்டுகளுக்குத் தற்காலிக உத்தரவாதம் கொடுத்து ஓட்டத்தை நிறுத்தியது. புழுத்த மூட்டை ஒன்றாக இருந்தாலும், எல்லோரும் ஒரே கதவில் முண்டியடித்தால் நல்ல சரக்கும் விலை போகாது என்பது நம் மண்டியில் நாம் பார்க்காததா?

நம் நாட்டிலும் 2008 அக்டோபரில் இதே நெரிசல் வந்து, ரிசர்வ் வங்கி பண்டுகளுக்காக வங்கிகள் வழியே ரூ. 20,000 கோடிக்குத் தனிச் சாளரம் திறந்தது. 2013 ஜூலையில் இன்னொரு முறை. 2017 பிப்ரவரியில் பல்லார்பூர் இண்டஸ்ட்ரீஸ் என்ற காகிதக் கம்பெனியின் தாள் கெட்டது. அதை வைத்திருந்த ஒரு லிக்விட் பண்டு ஒரே நாளில் சுமார் 7 சதவீதம் இறங்கியது. 2018இல் ஐ.எல். அண்டு எப்.எஸ். விழுந்தபோதும் சில லிக்விட் பண்டுகளுக்கு அடி. ஆகஸ்டு மாதம் வரை முதல் தரம் என்று முத்திரை குத்தப்பட்ட கம்பெனி அது. செப்டம்பரில் கடைசித் தரம். தரச் சான்றிதழை முழுக்க நம்புகிறவர்கள் இந்தத் தேதிகளை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

2020 ஏப்ரல் 23ஆம் தேதி பிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் ஆறு கடன் திட்டங்களை மூடியது. ஏறத்தாழ ரூ. 25,000 கோடி, மூன்று லட்சம் பேருக்கு மேல். அவை லிக்விட் பண்டுகள் அல்ல, கொஞ்சம் கூடுதல் வருமானத்துக்காகத் தரம் குறைந்த தாள்களை வாங்கிய வேறு வகை. ஆனால் அதில் ஒன்றின் பெயரில் "அல்ட்ரா ஷார்ட்" என்று இருந்ததால், குறுகிய காலப் பணம் நிறையப் பேர் அதில் போட்டிருந்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் உட்படப் பல கோர்ட்டுகளுக்குப் போய் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. முதல் தவணை 2021 பிப்ரவரியில். பிறகு தவணை தவணையாக, மொத்தமாகப் பார்த்தால் மூடிய அன்றைய மதிப்பைவிடக் கூடுதலாகவே வந்து சேர்ந்தது.

"அப்புறம் என்ன, நஷ்டமில்லையே" என்று சம்பளக்காரர் சொல்லலாம். நமக்கு அப்படி அல்ல. நமக்குப் பணம் என்பது தொகை மட்டும் இல்லை, தேதியும் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை வர வேண்டிய ஐந்து லட்சம் அடுத்த வருடம் ஐந்தரை லட்சமாக வந்தால் அதற்குள் செக் திரும்பி, கோர்ட் நோட்டீஸ் வந்து, மண்டியில் பேர் கெட்டிருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து லட்சத்தை 30 நாளுக்கு, ஆண்டுக்கு 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், லிக்விட் பண்டில் கிடைப்பது சுமார் ரூ. 4,930. (வீதம் காலத்துக்குக் காலம் மாறும், இது கணக்குக்காக எடுத்துக்கொண்டது.) 2023 ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கிய பண்டுக்கு வருமான வரியும் பிக்சட் டெபாசிட் போலவே நம் வரம்புப்படிதான், தனிச் சலுகை இல்லை. ஏழு நாளுக்குள் எடுத்தால் சிறு கழிவும் உண்டு. மேலே சொன்ன 7 சதவீத இறக்கம் போல ஒன்று வந்தால் போவது ரூ. 70,000. அதாவது பதினான்கு மாதத்து வருமானம் ஒரே நாளில். இது அபூர்வம்தான். ஆனால் எந்த மாதம் என்று முன்கூட்டி யாரும் சொல்ல மாட்டார்கள்.

சி.சி. அல்லது ஓ.டி. கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்த விவாதமே தேவையில்லை என்பது நம் கருத்து. அவர்கள் வங்கிக்கு ஒன்பது, பத்து சதவீதம் வட்டி கட்டிக்கொண்டு, பண்டில் ஆறு சம்பாதிப்பது எதற்கு? சும்மா நிற்கும் பணத்தைக் கடன் கணக்கிலேயே போட்டால் அன்றைக்கே வட்டி குறைகிறது. தேவைப்பட்டால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அங்கே நாம் கடன்காரர், வங்கி அல்ல. வங்கி விழுந்தாலும் நாம் போட்டது நம் கடனைக் கழித்ததாகவே நிற்கும்.

கடன் இல்லாதவர்கள் என்ன செய்யலாம்? அடுத்த பதினைந்து நாளில் சரக்குக்கு, சம்பளத்துக்கு, வரிக்குக் கொடுக்க வேண்டிய பணம் வங்கியை விட்டு வெளியே போகவே கூடாது. அதையும் இரண்டு வங்கிகளில் பிரித்து வைத்தால் கரூரில் நடந்தது போல ஒன்று முடங்கினாலும் மற்றதிலிருந்து செக் போகும். அதற்கு மேல் ஐந்து லட்சத்துக்குள் நிற்பதை வங்கியிலேயே "ஆட்டோ ஸ்வீப்" முறையில் பிக்சட் டெபாசிட்டாக்கலாம். கொஞ்சம் வட்டியும் வரும், காப்பும் போகாது.

ஆனால் ஐந்து லட்சத்தைத் தாண்டிய பணம் என்று வரும்போது "வங்கியே உயர்ந்தது" என்று கண்ணை மூடிச் சொல்ல நாம் தயாரில்லை. அரை சதவீத வட்டி கூட வருகிறது என்று ஒரே சிறிய கூட்டுறவு வங்கியில் நாற்பது லட்சம் வைத்திருப்பவருக்கு, முப்பத்தைந்து லட்சம் அந்த ஒரு கடன்காரரின் நாணயத்தில் நிற்கிறது. அதைவிட அரசுப் பத்திர ஈட்டில் ஒரு இரவுக்குக் கொடுக்கும் ஓவர்நைட் பண்டு மேல். பெரிய அரசு வங்கியில் இருக்கிறது என்றால் விஷயம் வேறு. அங்கேயும் சட்டப்படிக் காப்பு ஐந்துதான் என்றாலும், பின்னால் அரசு நிற்கும் என்ற நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. சொந்தப் பெயரில் நீண்ட நாள் சேமிப்பு என்றால் தபால் ஆபீசும் உண்டு. அது நேராக மத்திய அரசின் பொறுப்பு.

பண்டில்தான் போடுவது என்று முடிவு செய்தவர்கள் போன வருட வருமானத்தை மட்டும் பார்த்து எடுக்க வேண்டாம். ஒரே வகைப் பண்டுகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அரை சதவீதம் கூடக் கொடுக்கிறது என்றால், அது ஏதோ மட்டமான தாளை வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு பண்டும் தன்னிடம் உள்ள தாள்களின் பட்டியலை வெளியிட வேண்டும். அதை அந்தத் தம்பியிடமே கேட்டு வாங்கிப் பாருங்கள். டிரஷரி பில்லும் பெரிய வங்கிகளின் சர்டிபிகேட்டும் எத்தனை பங்கு, பெயர் தெரியாத கம்பெனிகள் எத்தனை பங்கு என்று ஒரு டீ குடிக்கும் நேரத்தில் பார்த்துவிடலாம். "உடனே எடுக்கலாம்" என்று சொல்வது ரூ. 50,000 வரைதான் என்பதையும், மிச்சம் அடுத்த வேலை நாளில்தான் வரும் என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை நேரம் கடந்து எடுக்கச் சொன்னால் பணம் கைக்கு வரப் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை ஆகிவிடும். திங்கட்கிழமை செக் கொடுத்திருப்பவர்கள் வியாழக்கிழமையே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.